மேலிடத்து உத்தரவு!

“நான் என்னய்யா செய்வது? மேலிடத்து உத்தரவு!”

இந்தச் சொற்களைக் கேட்காத ஏழை தமிழ்நாட்டில் உண்டா? தாலுகா ஆபீஸ் படிக்கட்டிலே கால் கடுக்க நின்றவன் கேட்டிருப்பான். போலீஸ் ஸ்டேஷன் வாசலிலே பிள்ளையைத் தேடி வந்த தாய் கேட்டிருப்பாள். காட்டோரத்துக் குடிசையைப் பிரித்துப் போடும்போது, அதைக் கட்டியவன் கேட்டிருப்பான். உத்தரவு போட்டவரின் முகம் தெரியாது. கையெழுத்துத் தெரியாது. எழுதியதா, வாயால் சொன்னதா, அதுவும் தெரியாது. ஆனால் உத்தரவு மட்டும் தப்பாமல் வந்து சேரும். மழைத் தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடுவது போல, எளியவன் தலையைத் தேடி ஓடிவரும்!

அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம். சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் தோழர்களும் கேட்க வேண்டும். அந்த உத்தியோகஸ்தர் முன்னே மனுவோடு போய் நிற்கும் தோழர்களும் கேட்க வேண்டும். ஏனென்றால், அந்தச் சொற்கள் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு நம் தருமபுரி மாவட்டத்திலேயே ஒரு சாட்சி உண்டு. அதன் பெயர் வாச்சாத்தி.

அரூர் வட்டத்திலே, சித்தேரி மலையடிவாரத்திலே ஒரு சிற்றூர் அது. மலையாளி என்று பெயர் பெற்ற பழங்குடி மக்கள் வாழும் ஊர். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். சேர்வராயன், கல்வராயன், சித்தேரி மலைகளிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும், தமிழ் பேசும் குடிகள் அவர்கள்.

1992ஆம் ஆண்டு ஜூன் 20. கடத்தல் சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அந்த ஊருக்குள் ஒரு படை நுழைந்தது. பகைநாட்டுப் படையன்று, நம் வரிப்பணத்திலே சம்பளம் வாங்கும் படை. வனத்துறையினர் 155 பேர். போலீசார் 108 பேர். வருவாய்த் துறையினர் 6 பேர். ஆக மொத்தம் 269 பேர்!

வீடுகள் இடிக்கப்பட்டன. தானியம் பாழாக்கப்பட்டது. ஆடு மாடுகள் அழிக்கப்பட்டன. குடிக்கும் கிணற்றையும் விட்டுவைக்கவில்லை. செத்த பிராணிகளை அதிலே எறிந்தார்கள். ஆண்கள் பலர் அஞ்சி மலையேறிவிட்ட ஊரிலே, எஞ்சியிருந்த மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். 18 பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். அவர்களிலே பள்ளிக்கூடம் போகும் வயதுச் சிறுமியும் உண்டு. 133 பேர் கைதானார்கள். அவர்களிலே 90 பேர் பெண்கள். 28 பேர் குழந்தைகள். அரூர் வனத்துறை அலுவலகத்துக்கும் அங்கிருந்து சேலம் சிறைக்கும் அவர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். சந்தனம் மணக்கும் மலைக்குக் கீழே, மூன்று நாளில் ஓர் ஊர் சுடுகாடாயிற்று!

இதை வெளியே கொண்டுவந்தவர்களுக்கு உரிய பெருமையை மறைக்க நமக்கு மனமில்லை. மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவனும் மலைவாழ் மக்கள் சங்கத்துத் தோழர்களும் கோர்ட்டு வாசலை விடாது தட்டினார்கள். ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை’ என்று அன்றைய ஆளவந்தார் கதவைச் சாத்தினார்கள். 1995இல் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்த பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது.

பிறகு? ஆண்டுகள் ஓடின. 2011 செப்டம்பர் 29 அன்று, பெயரிலேயே தருமத்தைத் தாங்கிய நம் ஊரிலே, தருமபுரி முதன்மை செஷன்ஸ் கோர்ட்டிலே தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். எஞ்சியிருந்த 215 பேரும் குற்றவாளிகள்! வனத்துறையினர் 126, போலீசார் 84, வருவாய்த் துறையினர் 5. ஒருவர்கூட விடுபடவில்லை. பெண்களைச் சீரழித்தவர்கள் என்று 17 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் 12 பேருக்குப் பத்தாண்டுச் சிறை, 5 பேருக்கு ஏழாண்டு. அப்பீல் போனார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று, சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே தேதியில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் அந்த அப்பீல்களைத் தள்ளுபடி செய்தார். தீர்ப்புக்கு முன்னால் அவர் அந்த மலையடிவாரத்துக்கே போய், ஊரைப் பார்த்து வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

தோழர்களே, இதுவரை கேட்டது கதையின் ஒரு பாதிதான். மறுபாதியைத்தான் நாம் ஆராய வேண்டும்.

269 பேர் ஒரே நாளில், ஒரே இடத்தில், மூன்று இலாகாக்களிலிருந்து தாமாகவே கூடினார்களா? காற்று வந்து அழைத்ததா? லாரியும் ஜீப்பும் தாமே புறப்பட்டனவா? மேலேயிருந்து சொல்லாமல் இத்தனை பேர் நகர்ந்திருக்க முடியாது. ஆனால், குற்றவாளிக் கூண்டிலே ஆண்டுக்கணக்காக நின்றவர்களில் பெரும்பாலோர் யார்? வனக்காவலர், போலீஸ்காரர், கீழ்மட்டச் சிப்பந்திகள். உயர்ந்த நாற்காலிக்காரர் சிலரும் அந்தக் கூண்டில் இருந்தனர், உண்மைதான். ஆனால் மாவட்டத்தையே கையில் வைத்திருந்த கலெக்டர்? எஸ்.பி.? மாவட்ட வன அதிகாரி? அன்று அந்த மூன்று நாற்காலிகளில் இருந்தவர்கள் மீது நடவடிக்கை எடுங்கள் என்று உயர்நீதிமன்றம் சொன்னது 2023இல்! 31 ஆண்டுகளுக்குப் பிறகு! உண்மைக் கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்ற ஆடிய நாடகம் இது என்று அந்தத் தீர்ப்பு சாடியது. நாடகத்திலே வேடம் கட்டியவர்கள் சிறைக்குப் போக, எழுதிக் கொடுத்தவர்கள் திரைக்குப் பின்னாலேயே இருந்தார்கள்!

கீழே இருந்தவர்களுக்காக இரங்கச் சொல்கிறோமா? இல்லை. பெண்ணின் மானத்தைச் சூறையாடு என்று எந்த மேலிடமும் சொல்ல முடியாது. சொன்னாலும் அதைச் செய்தவனை எந்தச் சட்டமும் காப்பாற்றாது. 1860இல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 76ஆவது பிரிவு என்ன சொல்கிறது? மேலதிகாரி சொன்னதைச் செய்தவனுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அந்தச் செயல் சட்டத்தின் கட்டளைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. பெயர் மாறி வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. உலகமும் இதைத்தான் சொன்னது. 1945–46இல் நூரம்பர்க் நகரிலே ஹிட்லரின் கூட்டாளிகள் கூண்டில் நின்று, “தலைவர் சொன்னார், செய்தோம்” என்றார்கள். அந்த வாதம் எடுபடவில்லை. உத்தரவு இருந்தது என்பதால் குற்றம் குற்றமில்லாமல் போய்விடாது என்று அங்கே முடிவாயிற்று.

ஆகவே, உத்தரவு போட்டவனும் பொறுப்பாளி, நிறைவேற்றியவனும் பொறுப்பாளி. ஆனால் நம் நாட்டு நடப்பு என்ன? உத்தரவு வாயிலே பிறக்கிறது, காதிலே நுழைகிறது, கையிலே முடிகிறது. வாய் மறந்துவிடுகிறது, கைக்கு விலங்கு வருகிறது!

இது இன்று நேற்றுப் பிறந்த நோயல்ல. சிலப்பதிகாரம் அறிந்தவர்கள் நம்மிலே பலர். கோவலன் எப்படி மாண்டான்? பொற்கொல்லன் ஒருவன் சொன்னதைப் பாண்டியன் நம்பினான். ஊடிச் சென்ற அரசியைத் தேற்றப் போகும் அவசரம் வேறு. விசாரிக்கவில்லை, ஓலை எழுதவில்லை, போகிற போக்கிலே ஒரு வாய்ச்சொல்! அந்தச் சொல்லைச் சுமந்து சென்ற காவலர்களிலே தயங்கியவர்கள் இருந்தார்கள். இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்றார்கள். ஆனால் அந்தத் தயக்கம் நாக்கோடு நின்றுவிட்டது. “மன்னனிடம் மறுபடி ஒருமுறை கேட்டு வருவோம்” என்று திரும்பி நடக்க ஒருவனுக்கும் கால் எழவில்லை. நல்லவர்கள் தயங்கி நின்ற அந்த இடைவெளியிலே, குடிவெறியன் ஒருவனின் வாள் பாய்ந்துவிட்டது.

பிறகு கண்ணகி வந்தாள். சிலம்பு உடைந்தது. அப்போது பாண்டியன், ‘வெட்டியவன் அவன், என்னைக் கேட்காதே’ என்று காவலனைக் கைகாட்டித் தப்பினானா? இல்லை. பழி முழுவதும் தன்னுடையதே என்று ஏற்று, அரியணையிலேயே உயிரை விட்டான். முடியாட்சிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த முடியாட்சியிலே மேலிடத்துக்கு இருந்த நாணத்தில் நூற்றிலொரு பங்கு, குடியாட்சியின் நாற்காலிகளுக்கு வேண்டாமா என்றுதான் கேட்கிறோம்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். சர்க்கார் உத்தியோகத்தில் உள்ள தோழருக்கு 17(ஏ), 17(பி) என்றாலே வயிற்றைக் கலக்கும். 1955ஆம் ஆண்டின் ஒழுங்கு நடவடிக்கை விதிகளிலே வரும் இலக்கங்கள் அவை. 17(ஏ) என்றால் சம்பள உயர்வு நிற்கும். 17(பி) என்றால் வேலையே போகும். அந்த மெமோவுக்கும் ஒரு முறை உண்டு. குற்றச்சாட்டைக் கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், விசாரிக்க வேண்டும். அதற்கும் மேலே அரசியல் சட்டத்தின் 311ஆவது பிரிவு காவல் நிற்கிறது. விசாரணையில்லாமல் சர்க்கார் ஊழியனை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பது அதன் பொது விதி.

2003 ஜூலையிலே என்ன நடந்தது? பறிக்கப்பட்ட ஓய்வூதியச் சலுகைகளைக் கேட்டு அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜெயலலிதா அம்மையாரின் அரசு அவசரச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. மெமோ இல்லை, விளக்கமில்லை, விசாரணை இல்லை. ஏறத்தாழ 1,70,000 பேரின் வேலை போயிற்று! கிருஷ்ணகிரியும் ஓசூரும் பிரியாமல் நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலம் அது. இங்கேயும் அடுப்பு அணைந்த வீடுகள் உண்டு. ஆகஸ்ட் 6 அன்று உச்சநீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது. 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 22ஆவது விதிக்குக் கட்டுப்படுவோம் என்று உறுதி சொல்லி, மன்னிப்பும் எழுதிக் கொடுத்துத்தான் மீண்டும் ஆபீசுக்குள் நுழைய முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் அதற்கும் மேலே விசாரணைக்குக் காத்திருந்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உரிமை கேட்டுக் கைகட்டி நின்றவனைத் தண்டிக்கச் சில நாள் போதுமாயிருந்தது. ஓர் ஊரையே சூறையாடியவர்களைத் தண்டிக்க 19 ஆண்டு வேண்டியிருந்தது. மேலிடத்தை ‘ஏன்?’ என்று கேட்க 31 ஆண்டு! ஒழுங்கு என்கிறார்களே, அந்த ஒழுங்கு யாருக்காக? கீழ்ப்படியாதவன் மீது அது சிறுத்தையாய்ப் பாய்கிறது. கீழ்ப்படிந்து குற்றம் செய்தவன் விஷயத்திலோ ஆமையாய் ஊர்கிறது. இதைப் பார்க்கும் சின்னச் சிப்பந்தி என்ன பாடம் கற்பான்? ‘எதிர்த்துக் கேட்டால் இன்றே வேலை போகும், தலையாட்டினால், தண்டனை வந்தாலும் ஓய்வு பெற்ற பிறகுதான் வரும்’ என்றுதானே கற்பான்? வாச்சாத்திகள் முளைக்கும் மண் இதுதான்.

இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது. அது சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. எடுத்துக் குடிக்கத்தான் ஆளில்லை.

மத்திய சர்க்கார் ஊழியருக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்வதைக் கேளுங்கள். மேலதிகாரியின் கட்டளை வழக்கமாக எழுத்திலேயே இருக்க வேண்டும். வாயால் சொல்வதைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாமல் சொன்னால், உடனே எழுதி உறுதி செய்ய வேண்டும். கேட்டவன், “எழுதிக் கொடுங்கள்” என்று கேட்க வேண்டும்; கொடுப்பது மேலதிகாரியின் கடமை. அது மட்டுமா? தம் கீழே வேலை செய்பவர்களின் நேர்மைக்கும் கடமை உணர்வுக்கும் வேண்டியதைச் செய்வது மேற்பார்வை நாற்காலியில் இருப்பவரின் பொறுப்பு என்றும் அதே விதிகள் சொல்கின்றன.

முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும், ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலரும் தொடுத்த வழக்கிலே, 2013 அக்டோபர் 31 அன்று உச்சநீதிமன்றம் இதை இன்னும் அழுத்திச் சொன்னது. வாய்மொழி உத்தரவின் பேரில் அதிகாரிகள் செயல்படக் கூடாது. மந்திரி சொன்னாலும், வேறு யார் சொன்னாலும் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. காகிதம் இல்லையென்றால், 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தை வைத்துக்கொண்டு மக்கள் எதைக் கேட்பார்கள்? வாய்ச்சொல்லுக்கு நகல் எடுக்க முடியுமா?

எண்ணிப் பாருங்கள். 1992 ஜூன் 20க்கு முன்னாலே, “இந்த ஊரிலே இத்தனை பேர் நுழையுங்கள், இன்னது செய்யுங்கள்” என்று எழுதித் தாருங்கள் என ஒருவன் கேட்டிருந்தால்? நியாயமான சோதனைக்கு எந்தப் பேனாவும் மை சிந்தும். அநியாயத்துக்குப் பேனா நடுங்கும். எழுதிக் கொடு என்ற ஒரு சொல்லே பாதி அக்கிரமத்தைப் பிறப்பதற்கு முன்பே கொன்றுவிடும்!

“கேட்டால் மாற்றல் போடுவார்களே, மெமோ கொடுப்பார்களே” என்று தோழர்கள் முணுமுணுப்பது நம் காதில் விழுகிறது. மெய்தான். அதற்காகத்தான் வேலைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறோம். 311ஆவது பிரிவு உத்தியோகஸ்தன் சுகமாகத் தூங்கக் கொடுத்த தலையணை அல்ல. அநியாயத்துக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லும்போது அவன் பின்னால் சாய்ந்துகொள்ளக் கட்டிய சுவர் அது. வல்லபாய் பட்டேலோடு நமக்கு ஆயிரம் வேறுபாடு உண்டு. ஆனாலும் 1949இல் அரசியல் நிர்ணய சபையிலே, தம்முடைய செயலாளர் தம் கருத்துக்கு மாறாகவும் குறிப்பு எழுதலாம் என்று அவர் பேசியது சரியான பேச்சு.

அந்தச் சுவரே இல்லாமல் தினக்கூலி, தொகுப்பூதியம், ஒப்பந்தம், அவுட்சோர்சிங் என்று ஆட்களை வைத்துக்கொள்கிறார்களே, அங்கே என்ன ஆகும்? நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவன் இன்று எப்படி நிமிர்ந்து பேசுவான்? அவனிடம் எதையும் சொல்லலாம், எதையும் செய்ய வைக்கலாம், மாட்டிக்கொண்டால் ‘அவன் எங்கள் ஆளே இல்லை’ என்று கைகழுவலாம். ஆகவே, நிரந்தர வேலை கேட்கும் குரலை வெறும் வயிற்றுக் குரலாக எண்ண வேண்டாம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவனின் வேலைக்குப் பாதுகாப்பு இருந்தால்தான், இந்தப் பக்கம் மனுவோடு நிற்பவனின் உரிமைக்கும் பாதுகாப்பு இருக்கும்.

அஞ்சாமல் எழுதியவர்கள் இல்லாமலும் போகவில்லை. இதே வாச்சாத்தி விவகாரத்திலே, தாழ்த்தப்பட்டோர் – பழங்குடியினர் ஆணையத்தின் அன்றைய இயக்குநர் பாமதி அம்மையார் நேரில் விசாரித்தார். அவரும் சர்க்கார் சம்பளம் வாங்கியவர்தான். மேலே ஆளவந்தார் மறுத்துக்கொண்டிருந்த வேளையிலே, நடந்தது உண்மை என்று 1992 ஆகஸ்டிலேயே அறிக்கை எழுதினார். எங்கோ ஒரு வாயிலே பிறந்த உத்தரவு ஓர் ஊரை அழித்தது. ஓர் அதிகாரி கையால் எழுதிய அறிக்கை அந்த ஊருக்கு நியாயத்தின் முதல் ஒளியாயிற்று.

ஆகவே சங்கத் தோழர்களுக்குச் சொல்கிறோம்: பஞ்சப்படிக்குக் கொடி பிடியுங்கள், ஓய்வூதியத்துக்குக் குரல் கொடுங்கள், அதிலே நாம் உங்கள் பக்கம். அந்தக் கோரிக்கைப் பட்டியலிலே இன்னும் ஒன்றைச் சேருங்கள். “வாயால் சொன்னதை எழுத்தில் தா; எழுதித் தர முடியாததைச் செய்யச் சொல்லாதே.” உங்கள் உறுப்பினர் ஒருவர் அப்படிக் கேட்டதற்காக மெமோ வாங்கினால், சங்கம் முழுவதும் அவர் பின்னால் நிற்கட்டும். உத்தரவு வாய்மொழியாக வந்தால், யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்று கோப்பிலே குறித்து வைக்கட்டும். அந்த ஒரு வரி நாளைக்கு உங்கள் பிள்ளைகளின் சோற்றைக் காக்கும்.

கட்சித் தோழர்களுக்கும் சொல்கிறோம். “மேலிடத்து உத்தரவு” என்று ஆபீசிலே யாராவது சொன்னால் தலைகுனிந்து திரும்பாதீர்கள். கோபப்படவும் வேண்டாம். மரியாதையாகக் கேளுங்கள்: “எந்த மேலிடம், ஐயா? எந்தத் தேதி? எந்த நம்பர்?”

கேட்கப் பழகிய ஊரிலே சிலம்பு உடைய வேண்டியதில்லை!